மணவிலக்குக்குப் பின் ஒரு பிள்ளை

மணவிலக்குத் தீர்ப்பு கணவன், மனைவி என்ற உறவை முடித்துவைக்கிறது. தந்தை, தாய் என்ற உறவை அது தொடுவதில்லை. பிரிந்துபோன இருவரில் ஒருவர் மற்றவரிடம், மறுபடி சேர்ந்து வாழும் எண்ணம் இல்லாமலேயே, ‘முதல் பிள்ளைக்குக் கூடப்பிறந்தது ஒன்று வேண்டும்’ என்று கேட்கும் கோரிக்கை இந்த இடைவெளியில்தான் எழுகிறது. கேட்ட மாத்திரத்தில் வேடிக்கையாகவோ வெட்கக்கேடாகவோ பலருக்குத் தோன்றக்கூடிய இக்கோரிக்கை, விசாரணைக்கே தகுதியற்றது என்று தள்ளிவிடத்தக்கதாக நீதிமன்றத்துக்குத் தோன்றவில்லை என்பதற்கு, மகாராஷ்டிர மாநிலம் நாந்தேட் குடும்பநல நீதிமன்றம் 2019 ஜூன் மாதம் பிறப்பித்த உத்தரவு சான்றாக நிற்கிறது.

அவ்வழக்கில் கணவர் 2017-இல் விவாகரத்துக் கோரி மனுச் செய்திருந்தார். பிள்ளை மனைவியிடம் வளர்ந்துவந்தது. வழக்கு முடிவதற்குள் தம் பிள்ளைப்பேற்றுக் காலம் கடந்துவிடும் என்று அஞ்சிய, அப்போது 35 வயதான மனைவி, அதே கணவர் மூலம் இன்னொரு பிள்ளை பெற வழிசெய்ய வேண்டும் என்றும், சேர்ந்து வாழ்வது இயலாது எனில் செயற்கைக் கருத்தரிப்பு முறையிலாவது அதற்கு வழிவிட வேண்டும் என்றும் 2018-இல் மனுச் செய்தார். கணவர் கடுமையாக எதிர்த்தார். நீதிபதி சுவாதி சவுகான், பிள்ளை பெறுவது பற்றிய தன்னுரிமை அடிப்படையான குடிமை உரிமைகளில் ஒன்று எனச் சர்வதேச உடன்பாடுகளைச் சுட்டிக் கூறி, இருவரும் குடும்பநல ஆலோசகரையும் கருத்தரிப்பு மருத்துவரையும் சந்திக்க வேண்டும் என உத்தரவிட்டார். ஆயினும், கணவரின் சம்மதம் இல்லாமல் மருத்துவர் எதையும் செய்ய முடியாது என்பதையும், அந்தச் சம்மதத்தை எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்திப் பெற்றுத்தர முடியாது என்பதையும் ஏற்றுக்கொண்டார். கேட்பதற்கு இடமுண்டு, கட்டாயப்படுத்த இடமில்லை என்ற இந்த நிலை சரியானதே. ஆனால் அவ்வழக்கில் விவாகரத்து அப்போது நிலுவையில் மட்டுமே இருந்தது. தீர்ப்பு வந்தபிறகு இதே கோரிக்கை எழுந்தால் சட்டத்தின் முகம் முற்றிலும் மாறிவிடுகிறது என்பதும், அந்த மாற்றத்தின் சுமை கேட்டவர் மீதோ கேட்கப்பட்டவர் மீதோ விழாமல் பிறக்கப்போகும் பிள்ளையின் மீது விழுகிறது என்பதும் அதிகம் பேசப்படாமலே இருக்கின்றன.

இந்தக் கோரிக்கை இனி எங்கெல்லாம் எழக்கூடும் என்று பார்க்கும்போது, பெண்ணின் கையில் சொந்தச் சம்பளம் உள்ள இடங்களே முதலில் கண்ணில் படுகின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர்ப் பகுதி அத்தகையது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டையோடு தொடங்கி, டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என வளர்ந்து, இன்று கூத்தனப்பள்ளியின் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை வரையும், முழுக்கப் பெண்களைக் கொண்டே இயக்கப்படும் என 2021-இல் அறிவிக்கப்பட்ட போச்சம்பள்ளி மின்ஸ்கூட்டர் ஆலை வரையும் வந்துள்ள இந்தக் கர்நாடக எல்லைப்புறத்தில், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம்போகச் சம்பளத்தைத் தம் வங்கிக் கணக்கிலேயே பெறும் இளம்பெண்கள் ஒரு தலைமுறையாகவே உருவாகிவிட்டனர். காலையில் அத்திப்பள்ளிச் சோதனைச்சாவடியைத் தாண்டிப் பொம்மசந்திராவுக்கும் ஜிகினிக்கும் வேலைக்குப் போகும் கணவன், இரவு ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறும் மனைவி, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஊரிலிருந்து வந்திருக்கும் தாய் என்று நகரும் குடும்பங்களில் மணமுறிவு நேரும்போது, பெண் தன் பிழைப்புக்கு முன்னாள் கணவனை எதிர்பார்க்க வேண்டிய கட்டாயம் முன்பிருந்த அளவுக்கு இருப்பதில்லை. பிழைப்புக்கு ஆள் தேவையில்லாதபோது, பிள்ளைக்குத் தகப்பனாக மட்டும் ஒருவரை நாடுவது என்ற எண்ணம் பொருளியல் அடிப்படையில் இயலக்கூடியதாகிறது.

அவ்வாறு நாடுபவர் அறிமுகமற்ற ஒருவரைவிட முன்னாள் துணையையே ஏன் நாடுகிறார் என்பதற்கான காரணங்கள் விசித்திரமானவை அல்ல. மறுமணம் செய்துகொண்டால் வரும் புதியவர் முதல் பிள்ளையை எப்படி நடத்துவாரோ என்ற அச்சம், ஒரே தகப்பனுக்குப் பிறந்த இருவர் பிற்காலத்தில் ஒருவருக்கொருவர் துணையாக இருப்பார்கள் என்ற நம்பிக்கை, பிள்ளையைப் பார்க்க வாரந்தோறும் வரும் அந்த மனிதர் கணவராகத் தோற்றாலும் தகப்பனாகத் தோற்கவில்லை என்ற அனுபவம், முப்பத்தைந்து வயதுக்குப் பின் கருத்தரிக்கும் வாய்ப்பு விரைவாகக் குறைகிறது என்ற உடலியல் உண்மை ஆகியன ஒன்றுசேர்ந்தே இத்தகைய முடிவை உருவாக்குகின்றன. இவற்றினும் அழுத்தமான காரணம் நோய். தலசீமியா, சிலவகை இரத்தப்புற்று ஆகியவற்றுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றே தீர்வாகும்போது, நோயுற்ற பிள்ளையின் திசு வகையோடு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு, ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த ஒவ்வொரு உடன்பிறப்புக்கும் நான்கில் ஒன்றாக இருக்கிறது. வேறு தந்தைக்குப் பிறந்தால் அந்த வாய்ப்பு மிகவும் அருகிவிடும். சீன இயக்குநர் வாங் சியாவ்ஷுவாய், மணவிலக்குப் பெற்று வெவ்வேறு துணைகளோடு வாழும் இருவர் தம் மகளின் இரத்தப்புற்றுக்காக மறுபடி ஒரு பிள்ளை பெற முயலும் கதையைத் திரைப்படமாக்கி, 2008 பெர்லின் திரைவிழாவில் திரைக்கதைக்கான வெள்ளிக்கரடி விருதைப் பெற்றார். அப்படம் தொடும் நெருக்கடி எந்த ஊர்க் குடும்பத்துக்கும் நேரக்கூடியதே.

கோரிக்கை நியாயமானது என்பதால் அது உரிமை ஆகிவிடாது. உச்ச நீதிமன்றம் 2009-இல் சுசிதா ஸ்ரீவாஸ்தவா வழக்கில், பிள்ளை பெறுவதற்கான முடிவும் பெறாமலிருப்பதற்கான முடிவும் அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் கூறு காக்கும் தனிமனித விடுதலையின் பகுதிகளே என்று கூறியது. இவ்வுரிமை இருபக்கமும் வெட்டக்கூடியது என்பதால், பெற விரும்புபவரின் விருப்பத்துக்கு உள்ள மதிப்பு, பெற விரும்பாதவரின் மறுப்புக்கும் உண்டு. இதைத் தெலுங்கு, தமிழ் வாசகர்கள் அறிந்த ஒருவரின் வழக்கிலேயே முன்னரும் ஒரு நீதிபதி எழுதியிருக்கிறார். நடிகை சரிதாவின் கணவர், இந்துத் திருமணச் சட்டம் 1955-இன் 9-ஆம் பிரிவின்கீழ், அதாவது விலகிப்போன துணையைச் சேர்ந்து வாழுமாறு ஆணையிடக் கோரும் பிரிவின்கீழ் தொடுத்த வழக்கில், ஆந்திர உயர் நீதிமன்ற நீதிபதி பி.ஏ.சவுத்ரி 1983-இல் அந்தப் பிரிவையே செல்லாது என்று அறிவித்தார். தன் உடலில் ஒரு கரு எப்போது, யாரால் உருவாக வேண்டும் என்ற முடிவை இத்தகைய ஆணை பெண்ணிடமிருந்து பறித்துவிடுகிறது என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் சரோஜ் ராணி வழக்கில் அப்பிரிவைச் செல்லத்தக்கது என்று நிலைநிறுத்திவிட்டதால் அத்தீர்ப்பு சட்டமாக நிலைக்கவில்லை. அதன் தருக்கத்துக்கு மட்டும் இன்றும் வயதாகவில்லை.

மணத்துக்குள் இருக்கும்வரை சட்டம் வேறு தராசைப் பயன்படுத்துகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. 2007-இல் சமர் கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம், கணவனோ மனைவியோ தன்னிச்சையாகப் பிள்ளையே வேண்டாம் என்று முடிவெடுப்பது மனக்கொடுமையாகக் கருதப்பட்டு மணவிலக்குக்குக் காரணமாகலாம் என்றது. மணம் இருக்கும்போது மறுப்பவர் கொடுமைக்காரர் ஆகக்கூடும். மணம் முறிந்த மறுநாள் அதே மறுப்பு முழு உரிமையாகிவிடுகிறது.

உலக நீதிமன்றங்கள் இதே முடிச்சை அவிழ்க்க முயன்று எதிரெதிர்த் திசைகளில் சென்றிருக்கின்றன. பிரிட்டனில், புற்றுநோய்க்கு முந்தைய நிலைக் கட்டிகளால் சூலகங்களை இழக்கும் முன் தம் கருமுட்டைகளைத் துணைவரின் விந்தணுவோடு சேர்த்துக் கருக்களாக்கி உறையவைத்திருந்த ஒரு பெண், உறவு முறிந்தபின் துணைவர் சம்மதத்தைத் திரும்பப் பெற்றதால், தம் சொந்த மரபணுவில் பிள்ளை பெறும் கடைசி வாய்ப்பை இழந்தார். ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பேரமர்வு 2007-இல் 13-க்கு 4 என்ற கணக்கில் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. ‘ஈவான்ஸ் வழக்கு’ என்று சட்டநூல்களில் அறியப்படும் இதற்கு நேர்மாறாக, இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 1996-இல் ‘நஹ்மானி வழக்கில்’ 7-க்கு 4 என்ற கணக்கில், பிரிந்துபோன கணவர் மறுத்தபோதும் உறைகருக்களைப் பயன்படுத்த மனைவிக்கு அனுமதி தந்தது. இரண்டு வழக்குகளிலும் கரு ஏற்கெனவே உருவாகியிருந்தது என்பதை மறக்கலாகாது. எதுவுமே உருவாகாத நிலையில், புதிதாக ஒரு பிள்ளைக்கு ஒருவரை இணங்கச் செய்யும் அதிகாரம் யாருக்கும் இருக்கக்கூடாது என்பதில் அந்த இரு நீதிமன்றங்களும்கூட வேறுபட்டிருக்கா.

கேட்பவர் எப்போதும் பெண்ணாகவே இருப்பார் என்று எண்ணுவதும் பிழை. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி வரை தருமபுரி மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அந்தத் தருமபுரியில், 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆறு வயதுக்குட்பட்டோரில் ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகள் மிகவும் குறைவாகவே இருந்தனர் என்பதும், சேலத்தில் 1992-இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் அங்கும் விரிவாக்கப்பட்டது என்பதும் அண்மைக் கால வரலாறு. நிலைமை பின்னர் ஓரளவு தேறியிருந்தாலும், ஆண்வாரிசு ஆசை முற்றும் மறைந்துவிட்டதாகக் கொள்ள முடியாத மண்ணில், ஒரு பெண் குழந்தையோடு மணவிலக்குப் பெற்ற வீட்டிலிருந்து ‘ஒரு பையனைப் பெத்துக் குடுத்துடு, சீவனாம்சத்தைக் கூட்டித் தர்றோம்’ என்று வரும் கோரிக்கை, மேலே விவரித்த நியாயமான கோரிக்கையின் உடையை உடுத்திக்கொண்டு வருவது எளிது. ஜீவனாம்ச பாக்கி, பிள்ளையைப் பார்க்கும் நாட்கள், வீட்டுவாடகை முன்பணம் என எதை வேண்டுமானாலும் பேரப்பொருளாக்கும் நிலையில் கிடைக்கும் சம்மதம் சம்மதமாகாது. மணவிலக்குக்குப் பின் சம்மதமின்றி நிகழும் உடலுறவு எந்த விலக்கும் இல்லாத பாலியல் வன்முறைக் குற்றம். தீர்ப்பு இல்லாமல் பிரிந்து வாழும் மனைவியின் விஷயத்திலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 67-ஆம் பிரிவு அதற்கு இரண்டு முதல் ஏழு ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கிறது. நிறைவேற்றும் எண்ணமின்றி மணப்பதாக வாக்களித்து உறவுகொள்வதைத் தனிக் குற்றமாக்கும் 69-ஆம் பிரிவு, ‘மறுபடி சேர்ந்துடலாம்’ என்று சொல்லிப் பிள்ளையை மட்டும் பெற்றுக்கொள்ள முனையும் முன்னாள் கணவருக்கும் பொருந்தக்கூடும்.

இனி, இருவரும் மனமொப்பி இணங்கிவிட்டார்கள் என்றே வைத்துக்கொண்டால், உடலுறவைத் தவிர்த்து மருத்துவமனையை நாடும் அவர்களுக்குச் சட்டம் எந்தக் கதவைத் திறக்கிறது? 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ள உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், 2021, ‘டெஸ்ட் டியூப்’ முறை என்று மக்கள் அழைக்கும் ஐ.வி.எஃப். உள்ளிட்ட சிகிச்சைகளை இருவகையினருக்கு அனுமதிக்கிறது: பிள்ளையில்லாக் குறையுள்ள, மணம் புரிந்த தம்பதி, அல்லது 21 வயதுக்கு மேல் 50 வயதுக்குட்பட்ட தனிப்பெண். மணவிலக்குப் பெற்றவர்கள் முதல் வகையில் அடங்கமாட்டார்கள், ஏனெனில் அவர்கள் தம்பதி அல்லர். ஏற்கெனவே ஒரு பிள்ளை பெற்ற அவர்களைக் கருத்தரிப்புக் குறையுள்ளவர்கள் என்று சொல்வதும் பல நேரங்களில் இயலாது. எனவே முன்னாள் மனைவி தனிப்பெண்ணாகவே மருத்துவமனைக்குள் நுழைய முடியும். தனிப்பெண்ணுக்கான விந்தணு பதிவுபெற்ற வங்கியின் மூலம், கொடையாளியும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாத ஏற்பாட்டில் வருவதையே சட்டம் மனத்தில் கொண்டிருக்கிறது. அக்கொடையாளி பிறக்கும் பிள்ளையின் மீதுள்ள எல்லாத் தந்தைமை உரிமைகளையும் துறந்துவிடுகிறார். ஆக, முகம் தெரியாத ஒருவரின் விந்தணு அந்தப் பெண்ணுக்குச் சட்டப்படி கிடைக்கும். தன் முதல் பிள்ளையின் தகப்பனுடையது மட்டும் கிடைப்பதற்கு வழி தெளிவாக இல்லை. கிடைத்தாலும், அவர் கொடையாளி என்ற நிலையில் தந்தையாக இருக்க முடியாது. தகப்பன் வேண்டும் என்பதற்காகவே அவரை நாடிய கோரிக்கைக்கு இது நேர் எதிரான விளைவு.

மணமாக இருந்த காலத்திலேயே கருக்களை உறையவைத்திருந்தவர்களின் நிலையும் இதைவிடப் பெரிதும் மேலானதல்ல. அச்சட்டம் உறைகருக்களைப் பத்தாண்டு வரை வைத்திருக்க இடமளிக்கிறது. ஆனால் கருப்பையில் செலுத்தப்படும் நொடிவரை எவரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்கிறது. இருவரும் சம்மதிக்கும்போதும், மணம் முறிந்தபின் அவர்கள் எந்தத் தகுதியில் சம்மதிக்கிறார்கள் என்ற கேள்விக்குச் சட்டத்தில் நேரான விடை இல்லை. வாடகைத்தாய் முறை இன்னும் வெளிப்படையானது: மணவிலக்குப் பெற்ற 35 முதல் 45 வயதுவரையுள்ள பெண்ணுக்கு அது திறந்திருந்தாலும், தன் கருமுட்டையையும் கொடையாளி விந்தணுவையுமே பயன்படுத்த வேண்டும் என்று 2023-இல் திருத்தப்பட்ட விதி கட்டளையிடுகிறது.

மருத்துவமனைக்குப் போகாமல் இயல்பாகவே பிறந்த பிள்ளையின் கதைக்கு வருவோம். கட்டுரையின் சாரம் இங்கேதான் இருக்கிறது. மணமுறிவு ஏற்பட்டு 280 நாட்களுக்குள், தாய் மறுமணம் செய்யாதிருக்கும்போது பிறக்கும் பிள்ளையை அந்த மணத்தில் பிறந்த பிள்ளையாகவே சாட்சியச் சட்டம் கொள்கிறது. முன்பு 112-ஆம் பிரிவாக இருந்த இந்த ஏற்பாடு, 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியமின் 116-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அதற்குப் பின் பிறக்கும் பிள்ளை மணத்துக்கு வெளியே பிறந்ததாகிவிடும். அத்தகைய பிள்ளைக்குத் தந்தையிடமிருந்து ஜீவனாம்சம் பெற வழியுண்டு. முந்தைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவும், அதன் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவும் அதை உறுதிசெய்கின்றன. சொத்து என்று வரும்போது கதவு அடைபடுகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956, தன் 3-ஆம் பிரிவில் ‘உறவு’ என்பதை முறையான மணத்தின் வழிவந்த உறவு என்றே வரையறுத்து, மணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையைப் பெற்றோருள் தாய்க்கு மட்டும் உறவாகக் கருத விலக்களிக்கிறது. தந்தை உயில் எழுதாமல் இறந்துபோனால் முதல் பிள்ளை வாரிசு. அதே தாய்க்கும் அதே தகப்பனுக்கும், ஒருவேளை அந்த முதல் பிள்ளைக்குத் துணையாக வேண்டும் என்றே பிறந்த இரண்டாவது பிள்ளை வாரிசு அல்ல. கூடப்பிறப்புக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு, ஒரே வீட்டில் வளரும் இருவரைச் சட்டத்தின் முன் இருவேறு தரத்தவர்களாக்கிவிடுகிறது.

இச்சட்டம் பிற பிள்ளைகளை எப்படி நடத்துகிறது என்பதோடு ஒப்பிட்டால்தான் இதன் கோணல் முழுமையாகத் தெரியும். முதல் மனைவி உயிரோடிருக்க இரண்டாவதாக ஒருத்தியை மணப்பது செல்லாத மணம். ஆனால் அதில் பிறக்கும் பிள்ளையை இந்துத் திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு முறையான பிள்ளையாக ஏற்கிறது. கர்நாடகத்திலிருந்து சென்ற ரேவணசித்தப்பா வழக்கில் 2023 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அத்தகைய பிள்ளைகளுக்குத் தந்தையின் தனிச் சொத்தில் மட்டுமின்றி, கூட்டுக்குடும்பச் சொத்தில் தந்தைக்குக் கிடைக்கக்கூடிய பங்கிலும் உரிமை உண்டு என்றது. இப்பாதுகாப்பு பெற, செல்லாததாயினும் ஒரு மணம் நடந்திருக்க வேண்டும். முறையாக நடந்து முறையாக முடிந்த மணத்துக்குப் பின் பிறக்கும் பிள்ளைக்கு அதுவும் இல்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. நீதிமன்றம் போகாமல், ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் ‘விடுதலைப் பத்திரம்’ எழுதிக்கொண்டு பிரிவது சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் அறியாத வழக்கமல்ல. அச்சமூகத்தில் அதற்கான தொன்றுதொட்ட மரபு மெய்ப்பிக்கப்பட்டாலொழிய அந்தப் பத்திரம் சட்டப்படி மணத்தை முறிப்பதில்லை. அவ்வாறு பத்திரம் எழுதிப் பிரிந்த இருவர் பின்னர் ஒரு பிள்ளை பெற்றால், அவர்கள் இன்னும் கணவன் மனைவியே என்பதால், அப்பிள்ளைக்கு எல்லா உரிமையும் உண்டு. சட்டத்தை மதித்து நீதிமன்றப்படி ஏறியவர்களின் பிள்ளைக்கே உரிமையில்லை.

இதற்குச் சுலபமான விடையொன்று சொல்லப்படும்: பிள்ளை வேண்டுமென்றால் மறுபடி மணந்துகொள்ளட்டுமே. இந்துத் திருமணச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு அதற்குத் தடை சொல்வதில்லை. 1967-இன் தமிழ்நாட்டுத் திருத்தம் சேர்த்த 7-ஏ பிரிவின்படி, புரோகிதரோ தீவலமோ இல்லாமல் உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ செய்துகொள்ளும் சுயமரியாதைத் திருமணமே போதும். பிள்ளை பிறக்கும் முன் மணம் நடந்துவிட்டால், கரு எப்போது உருவானது என்பதைச் சட்டம் கேட்பதில்லை. மனமொத்தவர்களுக்கு இது உண்மையிலேயே நல்ல வழி. ஓசூர், கிருஷ்ணகிரி நகரங்களில் கணிசமாக வாழும் முஸ்லிம்களிடையே, மணவிலக்கின் வகையைப் பொறுத்து மறுமணத்துக்கு வேறு நிபந்தனைகள் உள்ளன என்பதை மட்டும் இங்கே சொல்லிச் செல்லலாம். ஆனால் ஒரே கூரையின்கீழ் வாழ முடியாது என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடிப் பிரிந்தவர்களை, பிள்ளையின் சொத்துரிமைக்காக மட்டும் மறுபடி தாலிக்குள் நுழையச் சொல்வது, சட்டம் தன் குறையை மறைக்க மனிதர்களைப் பொய்யுறவுக்குள் தள்ளுவதாகும். அதோடு, தந்தையோ தாயோ வேறொருவரை மணந்திருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். மஜ்ஜைக்காக உடன்பிறப்பு தேவைப்படும் பிள்ளைகள் பலரின் நிலை அதுவாகவும் இருக்கலாம்.

மணவிலக்குக்குப் பின்னான பிள்ளைப்பேற்றை அரசு எப்படிப் பார்க்கிறது என்பதற்குப் பக்கத்துத் தருமபுரியிலேயே ஒரு வழக்கு உண்டு. முதல் மணத்தில் இரு பிள்ளைகள் பிறந்து, 2017-இல் மணவிலக்குப் பெற்று, அப்பிள்ளைகள் தந்தையிடம் வளர, 2018-இல் மறுமணம் செய்துகொண்ட ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை, அம்மணத்தில் கருவுற்று 2021-இல் மகப்பேறு விடுப்புக் கேட்டபோது, உயிரோடுள்ள இரு பிள்ளைகளுக்கு மேல் விடுப்பில்லை என்ற விதியைக் காட்டி அது மறுக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அவருக்குச் சாதகமாகவும், இரு நீதிபதிகள் அமர்வு பாதகமாகவும் தீர்ப்பளித்தபின், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அபய் எஸ்.ஓகா, உஜ்ஜல் புயான் ஆகியோர் 2025 மே 23 அன்று, மகப்பேறு விடுப்பு பிள்ளைப்பேற்றுரிமையின் பகுதியே என்று கூறி அவருக்கு விடுப்பளிக்க உத்தரவிட்டனர். (அதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் முன்புதான், தொகுதி மறுவரையறைக் கவலையில், புதுமணத் தம்பதியர் உடனே பிள்ளை பெற வேண்டும் என்று அன்றைய முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் நாகப்பட்டினத்தில் வேண்டுகோள் விடுத்திருந்தார். அரசின் ஒரு கை அழைப்பதும் மறு கை விதியைக் காட்டுவதும் ஒருங்கே நடந்தன.) ஓசூர் ஆலைகளின் இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற பெண்களின் நிலை ஒப்பீட்டளவில் நேரானது: சந்தா நாட்கள் நிறைவேறியிருந்தால், முதல் இரு பிள்ளைகளுக்கு 26 வாரமும் அதற்குப் பின் 12 வாரமும் கிடைக்கும் மகப்பேற்றுப் பலன், காப்பீடு பெற்ற பெண்ணுக்கே உரியது, அவள் மணமானவளா, மணவிலக்குப் பெற்றவளா என்பதில் அது தொங்கி நிற்பதில்லை. தொழிலாளர் சட்டம் தாயைத் தாயாகப் பார்க்கிறது. குடும்பச் சட்டம்தான் இன்னும் மனைவியாகப் பார்க்கிறது.

எனவே செய்ய வேண்டியது பெரிய புரட்சி எதுவுமில்லை. மணவிலக்கு வழக்கில் இருவரும் இணங்கி மனுச் செய்யும் கட்டத்திலேயே, 1984-இன் குடும்பநல நீதிமன்றச் சட்டப்படி நியமிக்கப்படும் ஆலோசகர்கள், சொத்தையும் ஜீவனாம்சத்தையும் பற்றிக் கேட்பதோடு, உறைகருக்கள் உள்ளனவா, அவற்றை என்ன செய்யப்போகிறார்கள் என்றும் கேட்டு எழுத்தில் பதிவுசெய்யலாம். பின்னாளில் பிள்ளை பெற முடிவெடுக்கும் முன்னாள் தம்பதியர், பிறப்புப் பதிவில் தந்தை பெயரை ஒப்புக்கொண்டு சேர்ப்பதையும், தந்தை உயில் எழுதிவைப்பதையும் தாமதிக்கக் கூடாது; சட்டம் மாறும்வரை பிள்ளைக்கு உள்ள உறுதியான கவசம் உயில் ஒன்றே. ஆயினும் உயில் தந்தையின் மனத்தைச் சார்ந்தது. அவர் அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். நிலையான தீர்வு, வாரிசுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் உள்ள விலக்கை, தந்தைமை ஒப்புக்கொள்ளப்பட்ட அல்லது மெய்ப்பிக்கப்பட்ட இடங்களில் தந்தைக்கும் விரிப்பதுதான். பிரிட்டன் 1987-லும் ஜெர்மனி 1998-லும் இவ்வேறுபாட்டைப் பெருமளவு களைந்துவிட்டன.

இத்திருத்தத்துக்கு நாடாளுமன்றத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. வாரிசுரிமை அரசமைப்புச் சட்டத்தின் பொதுப்பட்டியலில் ஐந்தாம் பதிவாக இருப்பதால்தான், மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சமபங்கு தரும் திருத்தத்தை நாடாளுமன்றம் 2005-இல் கொண்டுவரும் முன்பே, தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் நடைமுறைப்படுத்த முடிந்தது. கர்நாடகம் 1994-இல் அதைப் பின்தொடர்ந்தது. இந்த எல்லைப்புறத்தில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் சட்டத்தின் விலை அன்றாடம் தெரிந்ததே: கர்நாடகத்தின் ஆனேக்கல் நீதிமன்றத்தில் கணவர் தொடுத்த வழக்கைப் பேருந்தில் சிறிது நேரத்தில் எட்டக்கூடிய ஓசூருக்கு மாற்றவேண்டுமானால்கூட, அவை இரு மாநிலங்களில் இருப்பதால், மனைவி உச்ச நீதிமன்றத்தையே அணுக வேண்டியிருக்கிறது. வாரிசுரிமையிலும் அதே சிக்கல் காத்திருக்கிறது. தளிப் பக்கம் தந்தை வாங்கிப்போட்ட நிலத்துக்குத் தமிழ்நாட்டுத் திருத்தம் பொருந்தி, ஆனேக்கல்லில் அவர் கட்டிய வீட்டுக்குப் பொருந்தாமல் போகக்கூடும் என்பதால், சென்னை மட்டும் திருத்தினால் அந்த இரண்டாவது பிள்ளைக்குப் பாதிச் சொத்தில்தான் உரிமை வரும். பெங்களூருவும் சேர்ந்து திருத்த வேண்டும்.